ஒரே கோப்பு, இரண்டு தடவை

டெர்மினலில் "கில்டு" என்ற ஒற்றைச் சொல்லைக் கக்கிவிட்டு ஒரு கருவி நின்றுபோவது, பெரிய தமிழ்க் கோப்புகளோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்குப் பழகிப்போன காட்சி. எந்த வரியில் பிழை, எந்தக் கோப்பில் பிழை என்று ஒரு விவரமும் இருக்காது. கருவி தானாகச் சாகவில்லை. லினக்ஸ் கர்னல் அதைக் கொன்றிருக்கிறது. ரேம் தீர்ந்துபோகும் நிலை வந்ததும், ஓடிக்கொண்டிருப்பவற்றில் எதைத் தூக்கினால் அதிக இடம் கிடைக்கும் என்று கர்னல் மதிப்பெண் போடும். அதிக மதிப்பெண் வாங்கியதற்கு ஒன்பதாம் எண் சிக்னல் போகும். இந்த வேலையைச் செய்யும் பகுதியின் பெயரே ஓஓஎம் கில்லர். செத்த கருவியின் வெளியேற்ற எண்ணைக் கேட்டால் 137 என்று வரும். 128-உடன் சிக்னல் எண்ணான 9-ஐக் கூட்டினால் கிடைப்பது அது. வேறு யாராவது கையால் கொன்றிருந்தாலும் அதே 137தான் வரும் என்பதால், கர்னலின் பதிவேட்டில் வாக்குமூலம் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது.

அடுத்து நடப்பதும் பழகிய காட்சிதான். "மெமரி லீக்" என்று தீர்ப்பு எழுதப்படும். சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட்டில் கூடுதல் ரேமுக்கு விலை விசாரிக்கப்படும். (சி மொழியை உருவாக்கிய டென்னிஸ் ரிச்சிக்கும் அந்தத் தெருவுக்கும் சம்பந்தம் இல்லை. ஆனாலும் அவர் மொழியில் எழுதிய நிரல்களின் பாவத்துக்கு அங்கே பரிகாரம் கிடைப்பது பொருத்தம்தான்.) ரேமை வாங்கிப் போட்டதும் கருவி இன்னும் கொஞ்ச நேரம் ஓடும், பிறகு அதே "கில்டு". அது உண்மையிலேயே கசிவுதானா, இல்லை கருவிக்கு இயல்பாகவே பசி அதிகமா என்று பிரித்துப் பார்க்காததால் வரும் வினை இது. பிரித்துப் பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. அதற்கு எந்தப் புது மென்பொருளும் தேவையில்லை.

சோதனைக்குப் போகும் முன் ஒரு வார்த்தை: இந்தக் கதையைத் தென்சென்னைப் புறநகரில் வைத்துச் சொல்லக் காரணம் இருக்கிறது. சென்னை பீச்சிலிருந்து வரும் மின்சார ரயிலில் தாம்பரத்துக்கு இரண்டு ஸ்டேஷன் முன்னால் குரோம்பேட்டை. 1949-இல் சி. ராஜம் தொடங்கிய மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி (எம்ஐடி) அங்கேதான் இருக்கிறது. அப்துல் கலாமும் சுஜாதாவும் படித்த இடம் என்பது எல்லாருக்கும் தெரியும். அதே வளாகத்தில் ஏயு-கேபிசி ஆராய்ச்சி மையம் இருப்பது கணினித் துறைக்கு வெளியே அவ்வளவாகத் தெரியாது. எம்ஐடியின் பழைய மாணவரும் எக்ஸோடஸ் கம்யூனிகேஷன்ஸ் நிறுவனர்களில் ஒருவருமான கே. பி. சந்திரசேகரின் பெயரைத் தாங்கிய மையம் அது. தமிழ்ச் சொல்லைப் பகுதி, விகுதி, சாரியை என்று பிரித்துக் காட்டும் நிரல்கள் பற்றிய ஆய்வுகள் அங்கே நடந்தன. 2005-இல் மத்திய அரசு கட்டற்ற மென்பொருளுக்காக என்ஆர்சிஃபாஸ் என்ற தேசிய வள மையத்தை ஏற்படுத்தியபோது, அதை நடத்தும் பொறுப்பு ஏயு-கேபிசிக்கும் சென்னை சிடாக்குக்கும் வந்தது. பாஸ் லினக்ஸ் என்ற இயங்குதளம் அந்தத் திட்டத்தில் பிறந்ததுதான். அண்ணா பல்கலைக்கழகத்தின் கல்லூரிகளில் கட்டற்ற மென்பொருள் விருப்பப் பாடமாக நுழைந்ததும் அந்த வழியில்தான். 2011-இல் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் அதில் வந்தது. தாம்பரத்தைச் சுற்றியுள்ள பொறியியல் கல்லூரிகளில் படித்த ஒரு தலைமுறைக்கு லினக்ஸும் தமிழ் யூனிகோடும் போதாத ரேமும் ஒன்றாகத்தான் அறிமுகமாயின. அவர்களில் பலர் பிறகு வேலைக்குப் போனது தாம்பரம் சானடோரியத்தில் 1984-இல் தொடங்கிய மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்துக்கோ ஓஎம்ஆர் சாலையின் ஐடி நிறுவனங்களுக்கோ. அங்கே கசிவு என்பது நள்ளிரவில் போன் அடிக்கும் விஷயம்.

கசிவு என்றால் என்ன? தாம்பரம் ஸ்டேஷன் டூ வீலர் ஸ்டாண்டை நினைத்துக்கொள்ளுங்கள். வண்டியை விட்டால் டோக்கன் தருவார்கள். சாயங்காலம் டோக்கனைக் காட்டினால் வண்டி கிடைக்கும், இடமும் காலியாகும். சி நிரல் மெமரி கேட்பதும் இதே போலத்தான். மேலாக் என்று கேட்டால் ஒரு முகவரி கிடைக்கும், வேலை முடிந்ததும் ஃப்ரீ என்று அந்த முகவரியைத் திருப்பித் தர வேண்டும். டோக்கன் தொலைந்துபோய், வண்டி வைத்திருந்ததே மறந்துவிட்டால் அந்த இடத்தை யாராலும் காலி செய்ய முடியாது. நிரலில் ஒரே ஒரு மாறியில் இருந்த முகவரியின் மேல் வேறு முகவரியை எழுதிவிட்டால் நடப்பது இதுதான். இன்னொரு வகையும் உண்டு. டோக்கன் வீட்டு அலமாரியில் பத்திரமாக இருக்கிறது, ஆள் துபாய்க்குப் போய்விட்டார். எடுக்க முடியும், எடுக்கப் போவதில்லை. இரண்டும் இடத்தை அடைக்கின்றன என்றாலும் துப்பறிகிறவருக்கு இரண்டும் வேறு வேறு வழக்குகள்.

ஸ்டாண்டுக்கு இல்லாத ஒரு வசதி கணினிக்கு இருக்கிறது. ப்ராசஸ் முடிந்த நொடியில், அது வாங்கிய மெமரி முழுவதையும் கர்னல் திரும்ப எடுத்துக்கொள்ளும். டோக்கன் இருக்கிறதா, தொலைந்ததா என்று கேட்பதே இல்லை. கமாண்ட் லைன் கருவிகளின் குணத்தைத் தீர்மானித்தது இந்த வசதிதான். அரை விநாடி ஓடி முடியும் கருவி, கடைசியில் ஒவ்வொரு துண்டையும் ஃப்ரீ செய்வது வீண் வேலை. தெரிந்தே ஃப்ரீ செய்யாமல் விட்டவர்கள் இருக்கிறார்கள். டி மொழியை உருவாக்கிய வால்டர் பிரைட், தன் கம்பைலர் மெமரியை வாங்குவதோடு சரி, திருப்பித் தருவதில்லை என்று வெளிப்படையாகவே எழுதினார். வேகத்துக்காக அவர் எடுத்த முடிவு அது. ஏவுகணைக் கதை ஒன்றும் 1995 முதல் நிரலாளர்களிடையே உலவுகிறது. ஏவுகணையின் நிரலில் கசிவு இருப்பதைக் கண்ட ஒருவர் பதறிப்போய்ச் சொன்னாராம். வடிவமைத்த பொறியாளரோ, பறக்கும் நேரத்தில் எவ்வளவு கசியும் என்று முன்பே கணக்கிட்டு, அதற்கு மேல் ரேம் வைத்தாயிற்று, இலக்கில் மோதியதும் எல்லா மெமரியும் விடுபட்டுவிடும் என்றாராம்.

நம்மூர்ப் புறநகர்களில் ஏவுகணை வேலையை மின்வாரியம் செய்த காலம் ஒன்று உண்டு. 2012-ஐ ஒட்டிய மின்வெட்டு நாட்களில், யூபிஎஸ் இல்லாத வீட்டுக் கணினியில் எந்தக் கசிவும் சில மணி நேரத்துக்கு மேல் வாழ வாய்ப்பில்லை.

சிக்கல் வருவது, குறுகிய ஆயுளுக்கு எழுதிய கருவியை யாராவது நீண்ட ஆயுளுக்கு மாற்றும்போது. ஒரு கோப்புக்கு எழுதிய கருவியை நாள் முழுக்கக் காத்திருந்து கோப்பு வரவர வேலை செய்யும் சேவையாக மாற்றுவார்கள். உள்ளே ஒரு வரிகூட மாறியிருக்காது. முன்பு கர்னல் துடைத்துக் கொடுத்த பழைய கணக்கு இப்போது சேர ஆரம்பிக்கும்.

லண்டனில் அப்படிச் சேர்ந்த கணக்கு ஆம்புலன்ஸ் வரைக்கும் போனது. 1992 அக்டோபர் 26 அன்று லண்டன் ஆம்புலன்ஸ் சேவை கணினிமூலம் வண்டிகளை அனுப்பும் புதிய முறைக்கு மாறியது. முதல் இரண்டு நாட்களே பெருங்குழப்பம். அதற்கு வேறு பல காரணங்கள். நவம்பர் 4 அதிகாலை 2 மணி வாக்கில் கணினி அடியோடு நின்றது, அதுதான் நம் கதை. விசாரணைக் குழு 1993 பிப்ரவரியில் கொடுத்த அறிக்கையில் அதன் காரணம் தெளிவாக இருக்கிறது. மூன்று வாரங்களுக்கு முன் ஒரு நிரலாளர் விட்டுச்சென்ற சிறு துண்டு, ஒவ்வொரு முறை ஒரு வண்டிக்கு உத்தரவு போகும்போதும் கோப்பு சர்வரில் கொஞ்சம் மெமரியை எடுத்து, திருப்பித் தராமல் இருந்தது. மூன்று வாரத்தில் சர்வர் நிரம்பிவிட்டது. மாற்று சர்வர் கைகொடுக்கவில்லை. ஊழியர்கள் காகிதத்துக்கும் தொலைபேசிக்கும் திரும்பினார்கள். தமிழ்நாட்டில் 108 சேவை 2008-இல் தொடங்கியது. அதன் எண்ணைச் சுழற்றும்போது நமக்கு லண்டன் நினைவுக்கு வராமல் இருப்பதற்கு, இந்த மாதிரி அறிக்கைகளைப் படித்தவர்கள் எங்கோ வேலை செய்வதும் ஒரு காரணமாக இருக்க வேண்டும்.

லண்டன் கசிவின் முக்கியமான தன்மை அதன் அளவு அல்ல. வேலை நடந்தால் மட்டும் அது வளர்ந்தது. ஒவ்வொரு உத்தரவுக்கும் ஒரு படி. கசிவைத் தேடுகிறவர் பார்க்க வேண்டியது "எவ்வளவு சாப்பிடுகிறது" என்பதை அல்ல, "புதிதாக நினைவில் வைக்க எதுவுமே இல்லாதபோதும் ஏறுகிறதா" என்பதைத்தான். தமிழ்ச் சொற்களை எண்ணும் எளிய வேலையில் இதைப் பார்த்துவிடலாம்.

சொற்களை எண்ணி, எந்தச் சொல் எத்தனை தடவை வந்தது என்று பட்டியலிடுவது கமாண்ட் லைன் உலகின் பழம்பெரும் பயிற்சி. 1986-இல் ஜான் பென்ட்லி தன் பத்தியில் டொனால்ட் நூத்திடம் இந்த நிரலைக் கேட்டு வாங்கி வெளியிட்டார். அதை விமர்சித்த டக் மெக்கில்ராய், யூனிக்ஸ் பைப்பைக் கண்டுபிடித்தவர், ஆறு சிறு கருவிகளைக் கோத்து அதே வேலையைச் செய்து காட்டினார். நூத்தின் நிரல் பல பக்கம், மெக்கில்ராயுடையது ஆறு வரி. இன்றும் பாடப்புத்தகங்களில் வருகிறது. ஆனால் அதைத் தமிழ்க் கோப்பில் ஓட்டினால் எல்லா எழுத்தும் அழிந்து காலி வரி மட்டும் மிஞ்சும். முதல் கருவியான டிஆர், ஏ முதல் இசட் வரை இல்லாத எதையும் புதிய வரியாக மாற்றிவிடும். தமிழ் எழுத்துகளைச் சேர்த்துக் கொடுத்தாலும் பயனில்லை, குனு டிஆர் பைட் பைட்டாகத்தான் பார்க்கும். யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுப் புள்ளியும் மூன்று பைட். "தாம்பரம்" என்ற சொல்லில் துணைக்கால், புள்ளி எல்லாம் சேர்த்து எட்டுக் குறியீட்டுப் புள்ளிகள், ஆக 24 பைட். ஆங்கிலத்தில் எழுதினாலும் எட்டு எழுத்துதான், 8 பைட்டில் முடிந்துவிடும்.

ஆகவே தமிழில் எண்ணுகிறவர்கள் பெரும்பாலும் ஆக் கருவிக்குப் போவார்கள். இடைவெளியில் வெட்டி, ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு பெட்டி வைத்து, வரவர எண்ணிக்கையை ஏற்றும் ஒரு வரி நிரல். மதுரைத் திட்டம் 1998 முதல் சேர்த்துவைத்திருக்கும் நூல்களை இதற்குள் ஊட்டிப் பாருங்கள். மெமரி ஏறும், ஏறிக்கொண்டே இருக்கும். வரைபடம் பார்த்தால் அசல் கசிவு போலவே இருக்கும். கசிவு இல்லை. தமிழ்தான் காரணம். ஆங்கிலத்தில் ஒரு ஊர்ப் பெயர் ஒன்றிரண்டு வடிவத்தில் வரும். தமிழில் தாம்பரத்தில், தாம்பரத்திலிருந்து, தாம்பரத்துக்கு, தாம்பரத்திலேயே, தாம்பரத்துக்காரர்களும் என்று ஒவ்வொன்றும் தனிப் பெட்டி. வினைச்சொல்லுக்கு இன்னும் மோசம், ஒரே வினையடியிலிருந்து ஆயிரக்கணக்கில் வடிவங்கள் வரும். ஒவ்வொரு பெட்டியின் பெயரும் ஆங்கிலத்தைப் போல மூன்று மடங்கு இடம் பிடிக்கும். ஆங்கிலக் கோப்பில் சோதித்து "நன்றாக ஓடுகிறது" என்று வெளியிட்ட கருவி தமிழில் சாவது இப்படித்தான்.

இப்போது அந்தச் சோதனை. கோப்பை ஒரு தடவை ஊட்டி, உச்சகட்ட மெமரியைக் குறித்துக்கொள்ளுங்கள். இதற்கு குனு டைம் கருவி போதும். பேஷுக்குள்ளேயே இருக்கும் டைம் அல்ல, யூஎஸ்ஆர் பின் கோப்பகத்தில் தனியாக இருப்பது. மைனஸ் வி சேர்த்துக் கொடுத்தால், உச்சத்தில் எத்தனை கேபி ரேம் பிடித்தது என்று ஒரு வரியில் சொல்லும். பிறகு அதே கோப்பை இரண்டு பிரதியாக ஒட்டி, கேட் கருவி வழியாக மறுபடி ஊட்டுங்கள். இரண்டாம் பிரதியில் புதுச் சொல் ஒன்றுகூட இல்லை. எண்ணிக்கை இரட்டிப்பாகும், பெட்டிகள் அதேதான். உச்சகட்ட மெமரி ஏறத்தாழ அதே இடத்தில் நின்றால் கருவி யோக்கியமானது, பசிதான் பெரிது. அதுவும் ஏறக்குறைய இரட்டிப்பானால் கசிவு. மூன்றாவது பிரதியை ஒட்டி, அதே அளவு மறுபடி ஏறுகிறதா என்று பார்த்தால் சந்தேகமும் தீர்ந்துவிடும்.

முழுக் கோப்பையும் விழுங்கிய பிறகே வேலை தொடங்கும் கருவிகளுக்கு இந்தச் சோதனை பொருந்தாது. அவை இரண்டு பிரதி கொடுத்தால் இரண்டு பிரதியையும் வைத்துக்கொள்ளும், அது வடிவமைப்பு. நீண்ட நேரம் ஓடும் சேவைகளுக்கும் இதே சோதனைதான், ஒரே வேண்டுகோளை ஆயிரம் தடவை அனுப்பிவிட்டு, பிஎஸ் கருவி காட்டும் ஆர்எஸ்எஸ் எண்ணை (ப்ராசஸ் அப்போது பிடித்திருக்கும் ரேம்) நிமிடத்துக்கு ஒரு தடவை குறித்துக்கொண்டே வர வேண்டும். முதல் சில நூறு தடவை ஏறுவதைப் பொருட்படுத்த வேண்டாம், எல்லாச் சேவையும் சூடாகும்போது கொஞ்சம் ஏறும். தொடர்ந்து ஏறுகிறதா என்பதுதான் கேள்வி.

சோதனையில் கசிவு என்று தேறினால் எங்கே என்று தேட வேண்டும். மாணவர்களின் சி நிரல்களில் அடிக்கடி மாட்டுவது கெட்லைன். ஒரு வரியைப் படித்து, அதற்கு வேண்டிய இடத்தையும் தானே ஒதுக்கிக்கொள்ளும் வசதியான செயற்கூறு. அடுத்த வரிக்கு அதே இடத்தை மறுபடி பயன்படுத்தும், போதாவிட்டால் பெரிதாக்கும். ஆனால் லூப்பின் உள்ளே, ஒவ்வொரு சுற்றிலும் அந்த முகவரி மாறியை வெறுமையாக்கி வைத்தால் அதற்கு வேறு வழியில்லை, ஒவ்வொரு வரிக்கும் புதிதாக வாங்கும். பழையது அனாதை. லினக்ஸின் சி நூலகமான ஜிலிப்சியில் கெட்லைன் முதலில் வாங்குவது 120 பைட், கணக்கு வழக்குக்கான தலைப்பும் சேர்ந்து 128. பத்து லட்சம் வரி உள்ள கோப்பில் 12 கோடியே 80 லட்சம் பைட் போய்விடும். அதுவும் வரிகள் சிறியதாக இருந்தால்தான். 120 பைட்டில் தமிழ்க் குறியீட்டுப் புள்ளிகள் 39தான் கொள்ளும். கொஞ்சம் நீளமான தமிழ் உரைநடை வரி வந்தால் கெட்லைன் இடத்தை இரட்டிப்பாக்கும், வரிக்கு 256 பைட் போகும். ஆங்கிலத்தில் அதே நீள வரி 128-க்குள் அடங்கியிருக்கும். நிரலில் ஒரே பிழை, தமிழில் இரு மடங்கு வேகத்தில் கொல்லும்.

கண்ணால் பிடிக்க முடியாததை வால்கிரிண்ட் பிடிக்கும். பிஜிப்2 சுருக்கும் கருவியை எழுதிய ஜூலியன் சீவர்ட் 2002-இல் வெளியிட்டது. நிரலை ஒரு போலி இயந்திரத்தில் ஓட்டி, ஒவ்வொரு ஒதுக்கீட்டையும் கண்காணிக்கும். விலை, நிரல் 20 முதல் 30 மடங்கு மெதுவாகும். அதனால் முழுக் கோப்பையும் கொடுக்காமல் நூறு வரி கொடுத்தால் போதும். முடிந்ததும் அறிக்கை வரும். அதில் "டெஃபினிட்லி லாஸ்ட்" என்றால் டோக்கன் தொலைந்த வண்டி. "ஸ்டில் ரீச்சபிள்" என்றால் துபாய்க்காரர் வண்டி. முதல் வகையை மட்டும் துரத்துங்கள். இரண்டாம் வகையைப் பார்த்துப் பதறி, ஒழுங்காக ஓடும் கருவியின் கடைசியில் நூறு ஃப்ரீ எழுதி, அதில் ஒன்றை இரண்டு தடவை எழுதி, புதுக் கோளாறு வரவழைத்தவர்கள் ஏராளம். அவசரக்காரர்களுக்கு அட்ரஸ் சானிடைசர் இருக்கிறது. கம்பைல் செய்யும்போது ஒரு சொல் சேர்த்தால் போதும், வேகம் ஏறத்தாழ பாதியாகக் குறையும், அவ்வளவுதான். ஜிசிசி கம்பைலரில் 2013 முதல் வருகிறது.

வால்கிரிண்டுக்குக் கொடுக்கும் நூறு வரியில் சில கெட்ட வரிகளையும் சேருங்கள். பாதியில் அறுந்த எழுத்து, திறக்க முடியாத கோப்பு, கிடைக்காத சர்வர். கசிவுகள் குடியிருக்க விரும்புவது பிழை வந்தால் மட்டும் போகும் சந்துகளில். எல்லாம் சரியாக நடக்கும் பாதையில் ஃப்ரீ இருக்கும், பிழை வந்து பாதியில் திரும்பும் பாதையில் இருக்காது. 2012 அக்டோபர் 22 அன்று அமேசானின் வடக்கு வர்ஜீனியா மையத்தில் பல பிரபல இணையதளங்கள் முடங்கின. ஒரு தகவல் சேகரிப்பு சர்வர் பழுதாகி, புதிது வைத்தார்கள். புது முகவரி எல்லா இடத்துக்கும் போய்ச் சேரவில்லை. சேமிப்பு சர்வர்களில் சில, செத்த சர்வரையே திரும்பத் திரும்பக் கூப்பிட்டன. கூப்பிட்டுத் தோற்ற ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மெமரி கசிந்தது. எல்லாம் நன்றாக இருந்த நாட்களில் அந்தக் கசிவு கண்ணிலேயே படவில்லை.

"நான் பைத்தானில் எழுதுகிறேன், குப்பையை அதுவே அள்ளிவிடும்" என்று சொல்பவர்களுக்கு பிரின்ஸ்டன் மாணவர்களின் கார் ஒரு பாடம். 2005 அக்டோபரில் மொஹாவி பாலைவனத்தில் அமெரிக்கப் பாதுகாப்பு ஆராய்ச்சி முகமையான டார்பா நடத்திய ஓட்டுநர் இல்லாக் கார் பந்தயத்தில் அவர்களின் புராஸ்பெக்ட் லெவன் ஓடியது. நிரல் சி ஷார்ப்பில், குப்பை அள்ளும் வசதியோடு. கடந்துபோன தடைகளைப் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். ஆனால் அதே தடைகள் இன்னொரு நிகழ்வுப் பட்டியலிலும் பதிவாகியிருந்தன, அங்கிருந்து நீக்கவில்லை. பாலைவனத்தின் ஒவ்வொரு புதரையும் கார் கடைசி வரை நினைவில் வைத்திருந்து, இலக்கை எட்டாமலே நின்றுபோனது. பைத்தானில் இதன் வீட்டு வடிவம், கண்ட விடையையெல்லாம் சேர்த்துவைக்கும் எல்லை இல்லாத கேஷ். தமிழ்ச் சொற்பிரிப்பானில் அப்படி ஒரு கேஷ் வைத்தால் நம் இரட்டைக் கோப்புச் சோதனையில் அது தேறிவிடும், கசிவு இல்லை. ஆனால் தமிழ்ச் சொல்வடிவங்களுக்கு எல்லை கிடையாது என்பதால் ஒருநாள் சாகும். அதற்கு வேண்டியது திருத்தம் அல்ல, ஒரு உச்சவரம்பு.

கசிவே இல்லாத இடத்தில் கசிவைத் தேடி வீணாகும் நேரமும் உண்டு. லினக்ஸின் ஃப்ரீ கட்டளையில் (சி மொழியின் ஃப்ரீ அல்ல) காலி மெமரி மிகக் குறைவாகக் காட்டுவதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். சும்மா இருக்கும் ரேமில் லினக்ஸ் கோப்புகளை வைத்துக்கொள்ளும், கேட்டால் விட்டுக்கொடுத்துவிடும். பார்க்க வேண்டியது "அவைலபிள்" என்ற பத்தி. இன்னொன்று: நிரல் ஃப்ரீ செய்த சிறு துண்டுகளை ஜிலிப்சி உடனே கர்னலுக்குத் தராது, தானே வைத்துக்கொள்ளும், மறுபடி கேட்டால் கொடுக்க. ஆகவே ஆர்எஸ்எஸ் இறங்காமல் இருப்பது குற்றமில்லை, ஏறிக்கொண்டே போவதுதான் குற்றம்.

மிகவும் தந்திரமானது சார்ட். ஆக்குக்குப் பதில் சார்ட்டையும் யூனிக்கையும் கோத்து எண்ணினால் மெமரிச் சிக்கலே வரக் கூடாது. ரேம் நிறைந்தால் சார்ட் தற்காலிகக் கோப்புகளில் எழுதி, பிறகு சேர்த்துக்கொள்ளும். ஆனால் அந்தக் கோப்புகள் போவது டெம்ப் கோப்பகத்துக்கு. ஃபெடோராவில் பல ஆண்டுகளாகவும், டெபியனில் 2025-இல் வந்த 13-ஆம் பதிப்பிலிருந்தும் டெம்ப் கோப்பகமே ரேமில்தான் இருக்கிறது. டாப் கருவியில் எந்த ப்ராசஸும் பெரிதாகத் தெரியாது, ஆனால் மெமரி காணாமல் போயிருக்கும். ஃப்ரீ கட்டளையில் "ஷேர்டு" பத்தி மட்டும் வீங்கியிருக்கும். சார்ட்டுக்கு மைனஸ் பெரிய டி கொடுத்து, வட்டில் உள்ள ஒரு கோப்பகத்தைக் காட்டினால் தீர்ந்தது.

சந்தேகமான கருவியை ஓட்டும் முன் யூலிமிட் கட்டளையால் ஒரு உச்சவரம்பு போட்டுவிடுங்கள். கசிந்தால் அந்தக் கருவி மட்டும் விழும். கல்லூரி ஆய்வகத்தில் பத்துப் பேர் பகிர்ந்துகொள்ளும் சர்வர் என்றால் இது மரியாதையும்கூட. ஓஓஎம் கில்லர் சில நேரம் பக்கத்து இருக்கைக்காரரின் மூன்று மணி நேர வேலையைத் தூக்கிவிடும்.

கசிவு மற்றவர் எழுதிய கருவியில் இருந்தால் அவர்களுக்கு எழுதுங்கள். "மெமரி ரொம்ப சாப்பிடுது" என்று எழுதினால் பதில் வராது. கருவியின் பதிப்பு எண், கோப்பின் சிறு துண்டு, ஒரு பிரதிக்கு வந்த உச்சம், இரண்டு பிரதிக்கு வந்த உச்சம், இவ்வளவும் ஒரே கடிதத்தில் இருந்தால் அதை ஒதுக்கித் தள்ள யாருக்கும் மனம் வராது. துண்டை ஆங்கிலத்துக்கு மாற்றி அனுப்பாதீர்கள், தமிழாகவே அனுப்புங்கள். இந்தக் கருவிகளில் பல, ஆங்கிலக் கோப்புகளில் மட்டுமே சோதிக்கப்பட்டவை.